ராகு காலத்தில் ஆறிய வண்டி

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது தெருவில், மோகன்ராஜ் தன் ஏழு சீட்டர் பெரிய வண்டியை விற்கக் கிளம்பி இரண்டு மாதம் ஆகிறது. எதிர்வீட்டுக் காந்தாவுக்கு அந்த வண்டியின் ஜாதகம் அத்துப்படி. ஆறிப்போன வண்டியில் சாவியைத் திருகினால் பத்துத் தடவை இருமும். பதினோராவது தடவைதான் உயிர் வரும். கொடியில் காயும் அவள் புடவையெல்லாம் புகை நாறும். ஒருதரம் சூடாகிவிட்டால் தொட்டதும் பிடித்துக்கொள்ளும். அதனால் ஆள் பார்க்க வருகிற நாளில், மோகன்ராஜ் ஒரு மணி நேரம் முன்னாலேயே ஓடவிட்டு, துடைத்து, ஒன்றும் தெரியாதவர்போல் நிறுத்தி வைப்பார்.

இதைக் காந்தா வெளியே சொல்ல முடியாது. மே மாதம் அவள் வீட்டு போர் வறண்டால் மோகன்ராஜ் வீட்டுக் குழாய்தான் கதி. இரண்டு மாதமாக ஒரு விஷயத்தை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்ததில் அவளுக்குச் சரியாகப் பசிகூட எடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை எட்டே முக்காலுக்கு, தூறலில், பீர்க்கன்கரணையிலிருந்து பூவராகனும் அவன் மனைவி ஷர்மிளாவும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். வண்டி அப்போதுதான் ஓடி நின்றிருந்தது. பூவராகன் விவரமானவன். காலடி விரிப்பைத் தூக்கிச் சேறு படிந்திருக்கிறதா என்று பார்த்தான். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து மோந்தான்.

"வெள்ளத்துல நின்ன வண்டி இல்லப்பா. சாவி போட்டுப் பாரு," என்றார் மோகன்ராஜ்.

ஷர்மிளா கணவனின் கையைப் பிடித்தாள். "மணி ஒம்போது. ராகு காலம் ஆரம்பிச்சுடுச்சு. பத்தரைக்கு மேல தொடு."

கேட்டருகே நின்றிருந்த காந்தாவின் முகம் மலர்ந்தது. "மழையில ஏம்மா நிக்கறீங்க? உள்ள வாங்க, காபி போடறேன்."

காபி ஆறுவதற்குள் கதை வந்துவிட்டது. வராமல் விடுவாளா? பூவராகன் இத்தனை நாள் இன்னொருவர் வண்டிக்கு டிரைவர். காட்டாங்குளத்தூர் காலேஜில் வேலை பார்க்கும் ஆறு பேர், ஒன்றாம் தேதியிலிருந்து அவன் சொந்த வண்டியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஆறே காலுக்கு மொத ஆளு வாசல்ல நின்னுகினு இருப்பாங்கக்கா. ரெண்டு நாள் லேட்டானா வேற வண்டி பாத்துப்பாங்க. இத நம்பித்தான் இருந்த வேலைய வுட்டேன்."

'காலையில் ஆறே காலா?' காந்தா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். மோகன்ராஜ் சாவியோடு வண்டியை நெருங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இப்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. இந்தப் பொண்ணு நேரம் பாக்குது, வேணாம்னு போயிடப் போகுது."

ஷர்மிளா உள்ளேயிருந்து, "ஆமா சார்," என்றாள். மோகன்ராஜ் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மழையிலேயே வண்டியின் கண்ணாடியைத் துடைத்தார்.

பத்தரைக்கு அவரே கூப்பிட வந்தார். காந்தா அவருக்கும் ஒரு டம்ளரை நீட்டினாள். "உக்காருங்கண்ணா. உங்க பையன் கனடா போன கதைய இவங்களுக்குச் சொல்லுங்க."

அந்தக் கதையைக் கேட்பவர் கிடைத்தால் மோகன்ராஜ் எழுந்திருக்க மாட்டார். விசா கிடைக்கவே பதினொன்றரை ஆகிவிட்டது. விமானம் இறங்கி, பையன் முதல்முதலாகப் பனியைப் பார்த்தபோது மணி பன்னிரண்டு. அதற்குள் காந்தாவின் சாம்பார் சாதமும் ஒரு சுற்று வந்து போயிருந்தது.

வெளியே வந்த பூவராகன் பானட்டில் உள்ளங்கையை வைத்தான். ஜில்லென்றிருந்தது. சாவியைத் திருகினான். வண்டி இருமியது. காந்தா மனசுக்குள் எண்ணினாள். பதினொன்று. புகை அவள் காம்பவுண்டைத் தாண்டி உள்ளே வந்தது.

"மழைக்கு அப்படித்தான்," என்றார் மோகன்ராஜ்.

"மழைன்னா காலேஜுக்கு ஆளுங்க போவாம இருப்பாங்களா சார்?" பூவராகன் சாவியை அவர் கையிலேயே கொடுத்தான். "ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஒம்போது நாள் கீது. வேற பாத்துக்கறேன்."

ஸ்கூட்டரில் ஏறும்போது ஷர்மிளா காந்தாவிடம் குனிந்து சொன்னாள்: "நல்ல வேளக்கா. ராகு காலம் காப்பாத்துச்சு."

மூன்று மணி நேரம் ஆளைப் பேச வைத்துச் சோறும் போட்டவள் காந்தா. பேர் ராகுவுக்குப் போனது. வாயைத் திறந்தாள். எதிரே மோகன்ராஜ் பார்த்துக்கொண்டிருந்தார். மே மாதம் ஞாபகம் வந்தது.

"ஆமாம்மா," என்றாள்.