கண்மாய்க்கு மேலே நின்ற மீன்கள்

நாரணாபுரத்துக்குத் தெற்கே உள்ள கண்மாயில் வெடி போட்டுப் பிடித்தபோது மேலே எழும்பிய மீன்கள் கீழே விழவில்லை. செவுள் அசைய, வாய் திறந்து மூட, பனை உயரத்தில் உயிரோடு நின்றுவிட்டன. முதல் வாரம் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள். பிறகு பட்டாசுக் கம்பெனி வேன்கள், மேலிருந்து சொட்டுகிற மீன்தண்ணீருக்காக ஜன்னலைச் சாத்திக்கொண்டு அந்த வழியே போகப் பழகின. கண்மாயைக் குத்தகைக்கு எடுத்திருந்த சோலைச்சாமி வலை வீசிப் பார்த்தார், ஏணி வைத்து இழுத்தும் பார்த்தார். ஒன்றும் இறங்கவில்லை.

சிவகாசியில் மீன்கடை வைத்திருந்த ஷரீஃபுன்னிசா அவரிடம்தான் மீன் எடுப்பாள். அன்று லோடு எடுக்கப் போனவள் அண்ணாந்து பார்த்தாள். ஒரு கட்லா மீனின் வயிறு கிழிந்து தொங்கியது; அதுவும் சாகாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவள் நேராகக் காவல் நிலையம் போய், மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தாள்.

சோலைச்சாமி கடைக்கே வந்துவிட்டார்.

"தினமும் மீன் வெட்டுறவுக நீங்க. என் மேல கேஸ் குடுக்கீகளா?"

"வெட்டுறேன் அண்ணாச்சி. இந்தப் பாடு படுத்தலையே."

அதோடு அவளுக்கு லோடு நின்றது. மற்றக் குத்தகைக்காரர்களும் கைவிரித்தார்கள். அவள் கருவாடு விற்றாள். சமாதானமாகப் போகச் சொல்லி வந்த மைத்துனர் அப்துல் ஹக்கீமுக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தாள்.

வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. சாட்சிப் பொருளைக் கொண்டுவரச் சொன்ன நீதிமன்றம், அது இறங்கி வராது என்று போலீஸ் எழுதிக் கொடுத்ததும் தானே கிளம்பி வந்தது. மாஜிஸ்திரேட் கறுப்புக் கோட்டில் மீன்தண்ணீர் சொட்ட நின்று பார்த்து, குறித்துக்கொண்டு போனார். தண்ணீரில் இருந்தால்தான் மீன், காற்றில் நிற்பது சட்டத்தின் கண்ணில் மீனே ஆகாது என்று வாதாடினார் சோலைச்சாமியின் வக்கீல். மனிதனைத் தவிர எந்த உயிரும் சட்டத்துக்குப் பிராணிதான், மேலே போங்கள் என்றார் மாஜிஸ்திரேட். வக்கீல் கூண்டில் நின்ற ஷரீஃபுன்னிசாவிடம் திரும்பினார்.

"மீன் கத்தாது, அழாது. வெடியில அதுக்கு வலிச்சதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் சிவகாசிக்காரி சார்."

வக்கீல் கேஸ் கட்டை மூடிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

குற்றம் நிரூபணமானது. ஆனால் சட்டத்தில் எழுதியிருந்த அபராதம் ஒருவேளைச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. சோலைச்சாமி அதைச் சட்டைப்பையிலிருந்தே எடுத்துக் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார். இது போதாது, மேல்முறையீடு செய்யுங்கள் என்று ஷரீஃபுன்னிசா படியிறங்கும் முன்பே தன் வக்கீல் அழகுமீனாவிடம் சொல்லிவிட்டாள்.

அந்த ஐப்பசி மழையில், மேலே நின்ற ஜிலேபி மீன்கள் வாய்க்குள் வைத்திருந்த குஞ்சுகளை வெளியே விட்டன. குஞ்சுகள் தண்ணீரைத் தேடவில்லை, காற்றிலேயே நீந்தின. ஷரீஃபுன்னிசா குடையை மடக்கிவிட்டு நனைந்தபடி பார்த்தாள். பிறகு அழகுமீனாவுக்குப் போன் போட்டாள்.

"குஞ்சு விட்டிருக்கு. இதுகளையும் கேஸ்ல சேத்துக்கிடுங்க."

"எம்புட்டு இருக்கும்க்கா?"

"எண்ண முடியாதும்மா."

"சரிக்கா, அப்படியே எழுதிருவோம்" என்றாள் அழகுமீனா.