மூன்றாவது என்.ஜி.

என் வீட்டுக்காரர் டில்லிபாபுவுக்கு ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. நாள் முழுக்க அடுத்தவன் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். அந்தத் திறமையைக் கம்பெனி கேட்டிலேயே வைத்துவிட்டு வந்தால் எனக்கு ஓர் ஆட்சேபணையும் இல்லை. அவரோ அதை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

எங்கள் மகள் மதிவதனி இரண்டாம் வகுப்பு. ஜூனில் பள்ளி திறந்த நாளிலிருந்து அவளுடைய டிபன் பாக்ஸ் பாதிக்குப் பாதி அப்படியே திரும்பி வந்தது. நான் இன்னொரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள், ஏ ஷிப்ட் என்கிற விடிகாலை ஷிப்ட். ஐந்தேகாலுக்கு வல்லம் வடகாலில் பஸ் ஏற வேண்டும். நாலரைக்குள் சமைத்து, பாக்ஸில் போட்டு, மூடியை அழுத்தி வைத்துவிட்டுத்தான் குளிக்கவே போவேன். அந்த அவசரத்தில் என் கைக்கு வருவது எலுமிச்சைச் சோறும் தக்காளிச் சோறும்தான்.

"இது ப்ராசஸ் ப்ராப்ளம் ஜாஸ்மினு" என்றார் டில்லிபாபு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கேலும் ஸ்கெட்ச் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு சார்ட் போட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டினார். திங்கள், பொடியில் புரட்டிய குட்டி இட்லி. செவ்வாய், முட்டைப் பொரியல் வைத்துச் சுருட்டிய சப்பாத்தி. புதன், கேரட் துருவிப்போட்ட சோறு. வியாழன், மிச்ச இட்லி மாவில் குழிப்பணியாரம். வெள்ளி, பட்டாணி சேமியா. முந்தின நாள் சாயங்காலமே நறுக்கி வைத்துக்கொண்டால் எதுவும் இருபது நிமிடத்தைத் தாண்டாது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல யோசனைதான். அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் வீடு பெருக்கவும் ஒரு சார்ட் வந்துவிடும்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. பாக்ஸ் மூடிக்குள் தினமும் ஒரு சின்னச் சீட்டு வைத்தார். அதில் இரண்டு கட்டம்: ஓகே, என்.ஜி. எங்கள் பக்கம் எல்லாக் கம்பெனியிலும் நன்றாயில்லை என்று கழிக்கிற பொருளுக்கு என்.ஜி. என்றுதான் பெயர். சாப்பிட்டதும் மதி ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும்.

முதல் இரண்டு நாளும் என்.ஜி. வந்தது. புதன்கிழமை என்ன ஆனதோ தெரியவில்லை, கேரட் சோற்றுக்கு ஓகே. அதன் பிறகு எல்லாமே ஓகே. பாக்ஸும் துடைத்து வைத்தாற்போல் காலியாக வந்தது. ஒரு மாதம் ஒரு பருக்கை மிச்சமில்லை. டில்லிபாபுவுக்குத் தலைகால் புரியவில்லை. சீட்டுகளையெல்லாம் கிளிப் போட்டு பிரிட்ஜ் மேல் வைத்தார். "பாத்தியா, ஜீரோ ரிஜெக்ஷன்" என்று போகிறபோதும் வருகிறபோதும் தட்டிக்காட்டினார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

யூனிபார்ம் பாவாடை இடுப்பில் நிற்காமல் இறங்கியபோது, வளர்கிற பிள்ளை, உயரம் போடுகிறாள் என்று நினைத்து ஊக்கு குத்தி அனுப்பினேன். பெற்றவளுக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

போன புதன்கிழமை ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது அவள் டீச்சர் கவியா போன் செய்தார். மதி வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டாளாம். இப்போது எழுந்து உட்கார்ந்திருக்கிறாள், உடனே வாருங்கள் என்றார். நடுவழியிலேயே இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, கம்பெனி கோட்டோடு பள்ளிக்கு ஓடினேன். டில்லிபாபு எனக்கு முன்னாலேயே பர்மிஷன் போட்டு வந்திருந்தார். மதி பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்து பாலும் பிஸ்கட்டும் தின்றுகொண்டிருந்தாள். ஒரு பாக்கெட் முழுக்கத் தீர்ந்திருந்தது.

கவியா டீச்சருக்குத் திருநெல்வேலிப் பக்கம். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார்.

"உங்க பிள்ள மத்தியானம் சாப்பிடுததே இல்லங்க. இன்னைக்குத்தான் எங்க கண்ணுல பட்டுச்சு. பாக்ஸோட பின்னால போயி சுவத்துக்கு அங்கிட்டு நிக்க நாய்க்குக் கொட்டிட்டு வருதா. ஆயாம்மா சொல்லுதாங்க, ஒரு மாசமா இதான் நடக்காம். ஏம்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா."

டில்லிபாபு மதியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இன்னா பாப்பா இது? டெய்லி ஓகே ஓகேன்னு டிக் போட்டுகினு வந்தியே? நல்லாயில்லன்னா என்.ஜி. போட வேண்டியதுதானே?"

மதி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பால் மீசையோடு உதடு கோணியது.

"இன்னும் ஒண்ணு போட்டா அம்மாவத் தூக்கிடுவாங்கல்ல?"

"யார் சொன்னா?"

"நீதான்பா சொன்ன. ரெண்டு ஆயிடுச்சின்னு. பேச்சி அக்காவ மூணுலதானே தூக்குனாங்க?"

பேச்சி என் லைனில் வேலை செய்த தென்காசிப் பெண். எங்கள் காம்பவுண்டில் மாடி அறையில் தங்கியிருந்தாள். சாயங்காலம் வந்தால் மதிக்குத் தலைவாரி இரட்டைச் சடை போட்டுவிட்டுத்தான் போவாள். ஒரே வாரத்தில் அவள் கையால் மூன்று பீஸ் என்.ஜி. ஆகிவிட்டது என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மதியின் இரண்டாவது என்.ஜி. வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது நான்தான் சொன்னேன், "மூணு என்.ஜி.ங்க, பேச்சியத் தூக்கிட்டாங்க." வேலையை விட்டு எடுப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். டில்லிபாபு மதியின் சீட்டை என்னிடம் தூக்கிக்காட்டி, "உனுக்கும் ரெண்டு ஆயிடுச்சிடி, உஷாரா இரு" என்றார். இருவரும் சிரித்தோம். மறுநாள் காலை மதி பள்ளிக்குக் கிளம்பும்போது, அவள் கண் முன்னாலேயே பேச்சி பையோடு படியிறங்கிப் போயிருக்கிறாள். அதன் பிறகு வரவில்லை.

ஏழு வயசுப் பிள்ளை, ஒரு மாதம் மத்தியானமெல்லாம் வெறும் வயிற்றோடு உட்கார்ந்து என் வேலையைக் காப்பாற்றியிருக்கிறாள். வேலையைக்கூட இல்லை, என்னையே.

டில்லிபாபு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டேன். எலும்புதான் கைக்குத் தட்டுப்பட்டது.

"அது கம்பெனியிலடி. வூட்ல அம்மாவ யாரும் தூக்க முடியாது. நூறு என்.ஜி. போட்டாலும் நான் இங்கியேதான் இருப்பேன்."

அவள் நம்பின மாதிரி தெரியவில்லை.

"சோறு எப்படிம்மா இருந்துச்சு? நெசத்தச் சொல்லு" என்றேன்.

"மூடியத் தொறந்தா தண்ணியாக் கொட்டும். கொழகொழன்னு இருக்கும். புளிச்ச நாத்தம் வரும்" என்றாள் மெதுவாக.

சுடச்சுட அள்ளிப்போட்டு, ஆவி போகாமல் மூடியை அழுத்தி, எட்டு மணி நேரம். ஆறவைத்து மூட வேண்டும் என்று தெரியாத பொம்பளையா நான்? பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மூடினேன். அதே மத்தியானத்தில் கேன்டீனில் சுடுசோறு வாங்கி, ரசம் சப்பென்று இருக்கிறது என்று குறை வேறு சொல்லியிருக்கிறேன்.

"அப்போ அம்மா செஞ்சது நல்லாயில்ல. அத வாயத் தொறந்து சொல்லு பாக்கலாம்."

அவள் தலையாட்டி மறுத்தாள். நான் விடவில்லை. மூன்று தடவை கேட்டேன். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நல்லாயில்ல" என்று சொன்னாள். சொன்ன கையோடு, என் கம்பெனி கோட்டை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.