கதவில்லாத வேலி

எங்கள் தெருவுக்குப் பின்னால் ரயில் ஓடிய காலத்தில் ஆல்டோ பெலுச்சி வாயைத் திறந்ததே இல்லை. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுத் தார் போட்டு, ஜனங்கள் காலாற நடக்கப் பாதை அமைக்கிறோம் என்று ஊர் நிர்வாகம் சொன்னதும்தான் மனிதருக்கு ஆவேசம் வந்தது. எந்தக் கூட்டம் நடந்தாலும் மைக் அவர் கையில்தான்.

“பாஸ்டன்ல இருந்து திருடனுங்க சைக்கிள்ல வருவானுங்க. நம்ம டிவியத் தூக்கிக்கிட்டு அதே வழியா போயிடுவானுங்க!”

“அவ்ளோ பெரிய டிவிய சைக்கிள்ல எப்படிய்யா கட்டுவான்?” என்று நான் கேட்டேன்.

“என் குடும்பத்துல ஒருத்தர் காலும் அந்தத் தார்ல படாது” என்று ஆல்டோ சபதம் போட்டுவிட்டு உட்கார்ந்தார். தெருவே கைதட்டியது.

பாதை வந்தது. திருடன் வரவில்லை. குழந்தை வண்டி தள்ளும் தாய்மார்கள் வந்தார்கள், நாயை நடத்துகிறவர்கள் வந்தார்கள், முந்திப்போகப் பின்னாலிருந்து “இடது பக்கம்!” என்று கத்தி நம் உயிரை வாங்கும் சைக்கிள்காரர்கள் வந்தார்கள். கைதட்டியவர்கள் ஒவ்வொருவராகப் பின்வேலியை அறுத்துக் கதவு வைத்துக்கொண்டார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற எனக்கு வெட்கம் குறைவு. முதல் கதவு என்னுடையது. பக்கத்து வீட்டு ஆல்டோ மட்டும் ஆளுயரத்துக்கு மேல் வெள்ளை பிளாஸ்டிக் வேலி போட்டார். கதவு கிடையாது.

அந்த வேலி திருடனைத் தடுத்ததோ இல்லையோ, அவர் மனைவி நோர்மாவைத் தடுத்தது. பாதை கடந்துபோகும் சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம் அவள் தங்கை இடா கால் ஒடிந்து படுத்திருந்தாள். பாதை வழியாகப் போனால் ஒரு பாட்டு முணுமுணுத்து முடிப்பதற்குள் போய்விடலாம். இல்லையென்றால் நெடுஞ்சாலையைச் சுற்றிக் காரில்தான் போக வேண்டும். நோர்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆல்டோவுக்கோ மச்சினி வீடு என்றாலே முதுகு வலி வந்துவிடும்.

“என் கதவு வழியா போயேம்மா” என்றேன்.

“எதுக்கு? அடுத்தவ வீட்டுக் கொல்லப்பக்கமா பதுங்கிப் பதுங்கிப் போறதுக்கா? எனக்கு என் வீட்டுக் கதவு வேணும், ஃப்ளோரன்ஸ்” என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அந்த வேலியை எட்டி உதைக்க வேண்டும்போல் எனக்கு ஆத்திரம் வந்தது.

இந்த நேரம் பார்த்து ஆல்டோவுக்குச் சர்க்கரை ஏறியது. தினமும் நடந்தே தீர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் வழவழவென்று பாதை கிடக்கிறது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? காரை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய், அங்கே டயர் கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, அதே பாதையில் நடந்தார்! ஆள் அடையாளம் தெரியாமலிருக்கக் கறுப்புத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்துவரை கறுப்புச் சட்டை. கிடங்குகளைத் தாண்டி, சதுப்புக்குள் புகுந்து, எங்கள் தெரு கண்ணில் படும் வளைவுக்கு முன்பே திரும்பிவிடுவார். நான் எதிரே வந்து வணக்கம் சொன்னால், ஒரு கொக்கை உற்றுப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இதை நான் நோர்மாவிடம் சொல்லாமல் இருப்பேனா?

அன்று முதல் அவள் நல்ல வெயில் நாட்களில் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு பின்தோட்டத்தில் உட்கார ஆரம்பித்தாள்.

ஜூலை பிறந்தது. ஜூலையில் சதுப்பு மனிதர்களுக்குச் சொந்தமில்லை, பச்சைத்தலை ஈக்களுக்குச் சொந்தம். கடித்தால் சதையோடு பிய்த்துக்கொண்டு போகும். கறுப்பைக் கண்டால் மாடு என்று நினைத்து மொய்க்கும்; வெள்ளையைச் சீண்டாது. அதனால்தான் அவற்றைப் பிடிக்கச் சதுப்பு முழுக்கக் கறுப்புப் பெட்டிகளைக் கால் நட்டு வைத்திருக்கிறார்கள். இந்த ஊர்க் குழந்தைக்கும் இது தெரியும். ஆல்டோவுக்கும் தெரியும். ஆனால் மானத்தைக் காக்க அவரிடம் வேறு நிறத்தில் உடுப்பு இல்லை.

ஒரு நாள் காலையில் நான் தோட்டத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வளைவைத் தாண்டி ஒரு கறுப்பு உருவம் தன்னைத்தானே அறைந்துகொண்டு ஓடிவந்தது. பாதி தூரத்துக்கு மேல் வந்துவிட்டதால் காருக்குத் திரும்பி ஓட வழியில்லை. என் கதவைப் பார்த்து நேராக வந்தார். நான் மெல்ல எழுந்து தாழ்ப்பாள் போட்டேன்.

“ஃப்ளோரன்ஸ், தெறந்து விடு! கடிச்சுக் கொல்லுது!”

“உன் வீட்டுக்குப் போய்யா. பக்கத்துலதானே இருக்கு.”

சபித்துக்கொண்டே தன் வேலிக்குப் போய் அறைந்தார். “நோர்மா! நோர்மா!”

“யாரது?”

“நாந்தான், ஆல்டோ!”

“ஆல்டோவா இருக்காதே. அவர் காலு அந்தத் தார்ல படாது. அந்தப் பக்கமா வர்றவன் திருடன்னு மைக்ல சொன்னவராச்சே.”

அதற்குள் சைக்கிள்கள் நின்றுவிட்டன. ஒரு தாய் குழந்தை வண்டியை ஓரம் கட்டினாள்.

“உன் கால்ல விழறேன், நோர்மா! கதவத் தெற!”

“கதவா? எந்தக் கதவு?”

ஆல்டோ வேலியை மேலும் கீழும் பார்த்தார்.

“வச்சுடறேன்” என்றார் கடைசியில். “நாளைக்கே கதவு வச்சுடறேன்.”

“நாளைக்கு எதுக்கு?” என்றாள் நோர்மா. வேலிக்கு மேலாக ஒரு ரம்பம் பறந்து வந்து புல்லில் விழுந்தது.

அத்தனை பேர் பார்க்க, பிடரியில் ஒரு கையால் அடித்துக்கொண்டு, மறு கையால் தன் வேலியைத் தானே அறுத்தார். சைக்கிள்காரன் ஒருவன் பாவப்பட்டு அவர்மேல் ஈ மருந்து அடித்தான். நான் இன்னொரு கோப்பை காப்பி ஊற்றிக்கொண்டேன்.

பலகை சாய்ந்ததும் ஆல்டோ உள்ளே பாயப் பார்த்தார். முடியவில்லை. ஓட்டையில் நோர்மா நின்றாள். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, கையில் மூடிவைத்த கத்தரிக்காய்ப் பதார்த்தம்.

“தள்ளு” என்றாள். “இடா காத்துக்கிட்டிருக்கா. நீ உள்ள போய் டிவி இருக்கான்னு பாரு.”