படம் எடுக்காத சுவர்

காலையில் ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். அலாரம் வைப்பதில்லை. பல் துலக்குகிறேன். டீ போட்டு நின்றபடியே குடிக்கிறேன். டம்ளரை உடனே கழுவிக் கவிழ்த்துவிடுகிறேன். பிறகு மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, குச்சியை விட்டு அளக்கிறேன். குச்சியில் அவள் கத்தியால் கீறிய கோடுகள் இருக்கின்றன. முந்தின நாள் படுக்கும் முன் எந்தக் கோடு, இப்போது எந்தக் கோடு என்று தாளில் எழுதுகிறேன். கீழே வந்து குளிக்கிறேன். எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறேன்.

ஒரு வாரமாக, யாரும் எந்தக் குழாயையும் திறக்காமலேயே இரண்டு கோடு குறைகிறது. வீட்டில் இருப்பது நான் ஒருவன்.

மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகிறது. எனக்கு முப்பத்தொன்று. அவளுக்கு இருபத்தொன்பது.

இந்தக் கட்டடம் முன்பு தையல் பள்ளியாக இருந்தது. ஒன்றரை அடிச் சுவர்கள். உள்ளே ஓடிய இரும்புக் குழாய்களில் துரு அடைத்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி மிச்சமிருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுக் குழாய் பதிக்கலாம் என்றாள். ஆள் வைக்கவில்லை. அவளுடைய அண்ணன் பிளம்பர். பள்ளி விடுமுறைகளில் அவர் பின்னாலேயே சுற்றி அவள் வேலை கற்றிருந்தாள். கண் மருத்துவமனையில் நாள் முழுக்க மற்றவர்களுக்குக் கண்ணாடி அளவு பார்த்துவிட்டு வருவாள். வந்ததும் என் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு உளியை எடுத்துவிடுவாள். நான் எடுபிடி.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. அவள் போட்டது. சுவரில் காடி வெட்டிக் குழாய் பதித்ததும், பூசுவதற்கு முன்னால், தரையிலிருந்து அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுக்க வேண்டும். இருவரும் பார்த்த பிறகுதான் சிமென்ட்.

“நாளைக்கு ஆணி அடிக்கிறப்போ, குழாய் எங்க இருக்குன்னு சுவரு வாயைத் திறந்து சொல்லுமா? அதுவும் உங்களை மாதிரிதான்” என்பாள்.

என் கைபேசியில் நாற்பத்தேழு படங்கள் இருந்தன. குழாய் ஓடும் சுவர் ஒவ்வொன்றும் அதில் இருந்தது.

குழாய் வேலை நடந்த அந்த ஒன்பது மாதத்தில்தான் நாங்கள் நிறையப் பேசினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் மாடியிலிருந்து கத்துவாள்.

“வருதா?”

“இல்ல.”

“இப்போ?”

“காத்துதான் வருது.”

“வரும், வரும். மூடிடாதீங்க.”

குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கும். “வந்துடுச்சு!” என்று நான் கத்துவேன். நான் கத்திப் பேசியது அந்த மாதங்களில் மட்டும்தான்.

அவள் இறந்தது ஒரு சனிக்கிழமை முற்பகலில், ஹார்டுவேர் கடைப் படியில். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. டாக்டர் தாளில் வரைந்து விளக்கினார். குழாய், பலவீனமான இடம், அழுத்தம். எனக்கு உடனே புரிந்தது. புரிந்தது எரிச்சலாக இருந்தது.

அத்தை, அவளுடைய அம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “கிளம்புறப்போ உங்ககிட்ட கடைசியா என்ன சொன்னா மாப்பிள்ளை?”

“ஆறிடப்போகுது, சாப்பிடுங்க, நான் வந்துடறேன்னு சொன்னா அத்தை.”

பொய். உண்மையில் சொன்னதை வைத்துக்கொண்டு ஒரு தாய் அழ முடியாது. அத்தை நான் சொன்னதை வைத்து அழுதார். வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னார். “போற போக்குலயும் புருஷன் பசியைத்தான் நினைச்சிருக்கா.” இப்போது உறவில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

ஒரு மாதம் கழித்து அவளுடைய புகைப்படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு அத்தை கொடுத்தனுப்பினார். எடுத்து வந்தது மச்சான், அவளுடைய அண்ணன். கூடத்தில் மாட்டினால் தினமும் பார்க்க வேண்டும். மாடியில் பின்னறை காலியாக இருந்தது. சாமான் போட என்று அவள் ஒதுக்கிய அறை. கைபேசியை எடுத்துப் பார்த்தேன். அந்த அறைச் சுவருக்குப் படம் இல்லை. நான் இரண்டு வாரப் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தபோது அவள் பூசி முடித்தது. திரும்பி வந்ததும் “படம் எடுத்தியா?” என்று கேட்டிருந்தேன். “உள்ள ஒண்ணும் இல்லியே, எதை எடுக்கிறது? வெறும் சுவர்” என்றாள். ஆக, பயப்படாமல் துளை போடக்கூடிய சுவர் அதுதான்.

“இங்க வெளிச்சம் பத்தாது மாப்ள. கூடத்துல மாட்டுங்க” என்றார் மச்சான்.

“பரவால்ல மச்சான்.”

“எதிர்ச் சுவத்துலயாவது மாட்டலாம். காத்தோட்டமா இருக்கும்.”

“போட்டோவுக்கு எதுக்கு மச்சான் காத்து?”

அவர் ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நான் டிரில்லால் துளை போட்டு நீளமான ஸ்குரூவை ஏற்றினேன். கடைசியில் ஏதோ மெத்தென்றதில் போய் இறுகியது. பழைய செங்கல், உளுத்திருக்கும் என்று நினைத்தேன். படத்தை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். பிறகு அந்தக் கதவைத் திறக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் எங்கே போகிறது என்று தேட ஆரம்பித்தேன். ஒவ்வொரு வால்வாக மூடிவிட்டு மணிக்கொரு தடவை குச்சியை விட்டுப் பார்த்தேன். கீழ்ச் சமையலறை வால்வை மூடியும் தண்ணீர் குறைந்தது. கீழ்க் குளியலறையை மூடினாலும் குறைந்தது. மேல் குளியலறை வால்வை மூடியபோது நின்றது. ஆனால் மேல் குளியலறை காய்ந்து கிடந்தது. அதை ஒட்டியிருந்தது பின்னறை.

கதவைத் திறந்தேன். படத்துக்குக் கீழே பூச்சு உப்பி, பெயிண்ட் தோல் தோலாக உரிந்து, தரைவரை ஈரம் இறங்கியிருந்தது. வால்வைத் திறந்துவிட்டு வந்து, படத்தைக் கழற்றித் தரையில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். துருப்பிடித்துத் தளர்ந்திருந்த ஸ்குரூவைத் திருகி எடுத்தேன். நூல் கனத்தில் தண்ணீர் பீய்ச்சி என் சட்டையில் அடித்தது.

வெறும் சுவர்.

வால்வை மூடிவிட்டு உளியை எடுத்தேன். பூச்சு கேக் துண்டு போல விழுந்தது. உள்ளே முக்கால் அங்குலக் குழாய். ஸ்குரூ போன இடம் நடுப்புள்ளியில். பக்கத்திலேயே வெந்நீருக்கு இன்னொன்று. அவள் எப்போதும் செய்வதுபோல மார்க்கரில் அம்புக்குறி போட்டுத் தேதி எழுதியிருந்தாள். நான் பயிற்சியில் இருந்த இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை.

அம்புக்குறி காட்டிய பக்கம் உடைத்துக்கொண்டே போனேன். இரண்டு குழாய்களும் ஓரிடத்தில் கீழே இறங்கி, பூச்சுக்குள்ளேயே மூடி போட்டு நின்றன. அவற்றுக்குக் கீழே கழிவுநீர்க் குழாய். அளவு நாடாவைப் பிடித்தேன். தரையிலிருந்து முப்பத்திரண்டு அங்குலம். கீழே எங்கள் சமையலறைத் தொட்டிக்கும் அதே அளவு. அவள் உயரத்துக்கு அவளே கணக்குப் போட்டு வைத்தது. வேறு யாருக்கும் அந்த அளவு சரிப்படாது. எனக்கே பாத்திரம் தேய்த்தால் முதுகு வலிக்கும்.

இந்தக் குழாய்களைத் தோளில் சுமந்து மாடிக்கு ஏற்றியதும் நான்தான். “இவ்வளவு எதுக்கு?” என்று கேட்டேன். “சேதாரத்துக்கு” என்றாள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவள் ஒட்டினால் இணைப்பில் பசை வழிந்து காய்ந்திருக்கும். இங்கே மூன்று இணைப்புகள் துடைத்துவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தன. ஒட்டிய கையோடு துணியால் துடைக்கும் பழக்கம் எனக்குத் தெரிந்து ஒருவருக்குத்தான்.

ஓட்டையான துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு துண்டுக் குழாயும், இணைக்க இரண்டு கப்ளிங்கும், ஒரு பசை டப்பாவும் எடுத்து வைத்துவிட்டுத் தயங்கினார்.

“தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. தங்கச்சி அன்னிக்கு வாங்கின பெட்டி இங்கேயே கிடக்கு. இதை எடுத்துக்கிட்டுப் படி இறங்கினப்போதான்… எப்படிக் கொடுக்கிறதுன்னு தெரியாம உள்ள வச்சுட்டேன்.”

பெட்டியில் சமையலறைக் குழாய் ஒன்று இருந்தது. வெந்நீர், தண்ணீர் இரண்டுக்கும் ஒரே கைப்பிடி. நீளமான வளைந்த கழுத்து.

“எதுக்குன்னு சொன்னாளா?” என்றேன்.

“மேல் சமையல்கட்டுக்குன்னாங்க. வாடகைக்கு விடப்போறீங்களான்னு கேட்டேன். ‘ஆமாண்ணே, ஒரே ஒரு ஆளு. பொம்பளை. தொந்தரவே இருக்காது’ன்னு சிரிச்சாங்க. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் தம்பி.”

“தெரியும்” என்றேன்.

வீட்டுக்கு வந்து மச்சானுக்கு போன் செய்தேன்.

“சுவரு ஒழுகுது மச்சான்.”

“எந்தச் சுவரு?”

“வெளிச்சம் பத்தாத சுவரு.”

அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். கருவிப் பையை எடுத்து வரவில்லை. உடைந்த சுவரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். திருப்பி வைத்திருந்த படத்தையும் பார்த்தார்.

“யாருக்கு மச்சான் இந்தச் சமையல்கட்டு?”

“உக்காருங்க மாப்ள.”

“யாருக்கு?”

“அவளுக்குத்தான்.”

உட்கார அந்த அறையில் ஒன்றும் இல்லை. அவரே தரையில் உட்கார்ந்தார்.

“எங்களுக்குள்ள சண்டையே இல்லியே” என்றேன்.

“அதான் மாப்ள. சண்டையாவது போட்டிருக்கலாம். ‘அவர் நல்லவர்தாண்ணே, ஆனா எப்பத் திறந்தாலும் காத்துதான் வருது’ன்னா. வெளிய போய்த் தனியா இருந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. இங்க பின்பக்கமும் படி இருக்கு. ஒரு வருஷம் மாடியில இருந்து பாக்கிறேன்னு சொன்னா. நான் திட்டினேன். அவ கேக்கிற ஆளா?”

“திட்டிட்டு வந்து குழாய் ஒட்டிக் கொடுத்தீங்க.”

“மூணே மூணு ஜாயின்ட்டு. அவ ஒட்டினா ஒழுகும் மாப்ள.”

சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்க, அவ, யாராவது. கடைக்காரர் வரைக்கும் தெரிஞ்சிருக்கு.”

“சொல்லிடு சொல்லிடுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். எல்லாத்தையும் மாட்டி முடிச்சுட்டுச் சொல்றேன்னா. முன்னாடியே சொன்னா, நீங்க நிமிர்ந்துகூடப் பாக்காம ‘சரி’ன்னு சொல்லிடுவீங்களாம். அதைத் தாங்க முடியாதுண்ணேன்னு சொன்னா.”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மாதம். “வருதா?” “இப்போ?” என்று கத்திக்கொண்டே அவள் தனக்கு வேறு வழி பதித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அளவு நாடாவைப் பிடித்திருக்கிறேன்.

“நான் துளை போட்டப்போ நீங்க பக்கத்துல நின்னீங்க மச்சான்.”

“வேற சுவரு சொன்னேன்ல?”

“வெளிச்சம் பத்தாதுன்னீங்க. காத்துன்னீங்க.”

“போட்டோவைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறீங்க. வேற என்னத்தச் சொல்லச் சொல்றீங்க? அவளே போயிட்டா, இனிமே இதைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது, ஒருவேளை குழாய் தப்பிச்சாலும் தப்பிச்சிடும்னு…” எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். “விடுங்க மாப்ள. மனசுல ஒண்ணும் இல்லாமலா உங்களைச் சாப்பிடச் சொல்லிட்டுப் போனா? கடைசி வார்த்தை அதுதானே. அதை நினைச்சுக்கங்க. எங்கம்மா அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உசுரோட இருக்கு.”

என் பொய்யை அவர் எனக்கே எடுத்து நீட்டினார். வாங்கி வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அவர்கள் எனக்குச் சொல்லவில்லை. நானும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

“நகருங்க. நானே போட்டுத் தரேன்.”

“வேணாம் மச்சான். நான் பாத்துக்கிறேன்.”

அவர் பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போனார். அவருக்கு அந்தப் படி பழக்கமாகியிருந்தது இப்போதுதான் தெரிந்தது.

குழாயின் இரண்டு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்தேன். புதுத் துண்டை வைத்து இரண்டு பக்கமும் கப்ளிங்கை ஒட்டினேன். பசை வழிந்தது. துடைக்கவில்லை. காய்வதற்கு இரண்டு மணி நேரம் விட்டேன். பிறகு பூச்சுக்குள் இருந்த மூடிகளை வெட்டி எடுத்து, பெட்டியிலிருந்த குழாயை மாட்டினேன். கீழே தொட்டி இல்லை. ஒரு வாளியை வைத்தேன். குளியலறைக்குப் போய் வால்வைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். கத்திச் சொல்ல ஆள் இல்லாததால் போய்ப் போய் வர வேண்டியிருந்தது. முதலில் காற்று வந்தது. இருமியது. பிறகு தண்ணீர் வந்தது.

அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுத்தேன். நாற்பத்தெட்டு. சுவரைப் பூசவில்லை.

இனி ஒன்றுதான் பாக்கி. அத்தையிடம் சொல்லாதது.

அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டுப் பேச்சே இல்லை. நான் கூடத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“கடைக்குப் போறேன். ஒரு குழாய் வாங்கணும்.”

“எல்லாக் குழாயும்தான் மாட்டியாச்சே. இது எங்க மாட்டறதுக்கு?” என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாசலில் கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும். செருப்புச் சத்தம் உடனே கேட்கவில்லை. நான் நிமிரவில்லை.

“வந்து சொல்றேன்” என்றாள்.