பருத்தி மருந்தும் பந்தி வெண்டைக்காயும்

“எந்தப் பக்கம் பறிச்சே? அதைச் சொல்லுடி முதல்ல!”

“கத்தாதீங்க, பந்தியில சம்பந்தி வீட்டுக்காரங்க உட்கார்ந்திருக்காங்க. வரப்போரத்துல இருந்தது முத்திப்போச்சு. அதான் உள்ளே போய்ப் பறிச்சேன். நம்ம வயல்தானே?”

“உள்ளேயா? அடிப்பாவி, முந்தாநாள்தான் அதுக்கு மருந்து அடிச்சேன்!”

பஞ்சநதமும் அவர் மனைவி அம்சமும் கொல்லையில் இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது, நான் கை கழுவுகிற சாக்கில் தண்ணீர்த் தொட்டியருகே நின்றிருந்தேன். அடுத்த வீட்டுச் சண்டை என்றால் எனக்கு விருந்துக்கு மேல் விருந்து. அன்றைக்கு மட்டும் ரசிக்க முடியவில்லை. வெண்டைக்காய்ப் பொரியலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தேன்.

எங்கள் ஊரில் காய் போடுகிற எல்லார் வீட்டிலும் ஒரு வழக்கம் உண்டு. வரப்போரம் ஒரு வரிசை வீட்டுக்கு. அதில் மருந்து படாது. மீதியெல்லாம் மன்னார்குடிக்கு விற்கப் போகும். அங்கே வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கும் வயிறு உண்டே என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. அன்று பஞ்சநதத்தின் மகள் குந்தவையின் நிச்சயதார்த்தம். அறுபது இலையிலும் விற்கிற காய் விழுந்துவிட்டது.

சத்தம் கேட்டுக் குந்தவை பட்டுப்புடவையோடு ஓடி வந்தாள். “என்ன மருந்துப்பா அடிச்சீங்க?”

“பருத்திக்கு வாங்கினது மிச்சம் இருந்துச்சு. பருத்தியும் வெண்டையும் ஒரே இனம்மா. பூவைப் பாரு, அச்சு அசல் ஒண்ணாட்டம் இருக்கும். அதைத் திங்கிற பூச்சிதான் இதையும் திங்குது. அதுக்கு அடிக்கலாம்னா இதுக்கு அடிக்கக் கூடாதா?”

பூவைப் பார்த்தே பொருத்தம் சொல்லிவிட்டார் மனிதர்.

மாட்டுக்கொட்டகையில் செருகியிருந்த மருந்து டப்பாவைக் குந்தவை எடுத்து வந்தாள். உள்ளே மடித்து வைத்திருந்த தாளை அதுவரை யாரும் பிரித்ததேயில்லை. பொடி எழுத்தைக் கண்ணருகே வைத்துப் படித்தாள்.

“பருத்திக்கு மட்டும்தான் அனுமதின்னு போட்டிருக்கு. அதையே பதினெட்டு நாள் கழிச்சுத்தான் பறிக்கணுமாம். பருத்தியை யாரும் திங்கிறதில்லைப்பா!”

பஞ்சநதம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். “மெதுவா பேசும்மா. யாருக்கும் ஒண்ணும் ஆகாது. இப்பப் போய்ச் சொன்னா உன் கல்யாணம் நின்னுடும்.”

“மாப்பிள்ளையோட அக்காவுக்கு ஏழு மாசம்ப்பா. என் பக்கத்துல உட்கார்ந்துதான் சாப்பிட்டாங்க.”

அம்சம் கையைப் பிடித்து இழுத்தாள். குந்தவை உதறிவிட்டு, தாளும் டப்பாவுமாக நேரே பந்திக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மயக்கம், வாந்தி, அளவுக்கு மீறிய வியர்வை என்று தாளில் இருந்ததையும் வாசித்தாள்.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் வியர்த்தது. வைகாசி வெயில் வேறு. எது வெயில், எது விஷம் என்று யாருக்குத் தெரியும்? ஒருவர் தொண்டைக்குள் விரலை விட்டார். நான் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அக்கா பிரகதீஸ்வரி மட்டும் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்திருந்தாள். அவளைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது.

அவள் அப்பா தியாகராசன் எழுந்து உறுமினார். “எங்களைக் கொல்றதுக்கா நீடாமங்கலத்துலேர்ந்து வரவழைச்சீங்க?” டப்பாவைப் பிடுங்கினார். பெயரைப் பார்த்ததும் உறுமல் பாதியில் நின்றுபோனது.

பிரகதீஸ்வரி எட்டிப் பார்த்தாள். “அப்பா, இதே டப்பா நம்ம கொல்லையில கிடக்கே. நம்ம கத்திரிக்கும் இதைத்தான் அடிக்கிறீங்களா? அதைத்தானே மாசாமாசம் எனக்கு அனுப்பி வைக்கிறீங்க?”

தியாகராசன் டப்பாவைக் குந்தவை கையிலேயே திணித்தார்.

மாப்பிள்ளை பரிதி வேனைக் கொண்டு வந்தான். மன்னார்குடி ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் டப்பாவைத்தான் கேட்டார், குந்தவை நீட்டினாள். விளக்கு வைக்கிற நேரம் வரை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். “இப்போதைக்கு ஒண்ணும் இல்லை. குழந்தையைப் பத்தி நான் உறுதியா எதுவும் சொல்ல முடியாதும்மா” என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தை இரண்டு வீட்டிலும் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தது.

நான்காம் நாள் சேதி வந்தது: சம்பந்தம் வேண்டாம். காரணம் வெண்டைக்காய் இல்லை. “வீட்டு விஷயத்தைச் சபையில போட்டு உடைக்கிற பொண்ணு எங்களுக்குச் சரிப்படாது” என்று தியாகராசன் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆவணியில் பிரகதீஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனவர்கள் எல்லோரும் கொஞ்சுகிற மாதிரி விரல்களை எண்ணினார்கள். நானும் ஏதோ சாக்குச் சொல்லிப் போய் இரண்டு முறை எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் அவள் பிரசவத்துக்குப் பின் அப்பா வீட்டில் தங்கவில்லை. புருஷனோடு திருப்பூருக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. பரிதிக்கு ஒரத்தநாட்டில் பெண் எடுத்தார்கள். வாயே திறக்காத பெண்ணாம்.

அடுத்த தையில் குந்தவை பேராவூரணியில் தென்னந்தோப்புக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். பெண் பார்க்க வந்தவர்களிடம், “உங்க தோப்புல என்ன மருந்து வைக்கிறீங்க?” என்று அவளே முதலில் கேட்டாளாம். அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று எத்தனை தடவை கேட்டும் அம்சம் எனக்குச் சொல்லவில்லை.