நெரெய்தாவின் கேபிள்

வரைதாளில் அந்த மேடு மறுபடியும் தப்பான பக்கமே நகர்ந்திருந்தது. நெரெய்தா தாளை வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தாள்.

வெள்ளி கிரகத்துக்கு அனுப்பிய ரேடார் அலை, அங்கே கரடுமுரடான நிலத்தில் பட்டுத் திரும்பினால் தாளில் ஒரு மேடு விழும். நாளுக்கு நாள் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்துத்தான் கிரகம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று சொல்ல முடியும். பூமி சுற்றும் பக்கம்தான் வெள்ளியும் சுற்றும் என்று அந்த ரேடார் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். மேடோ எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. ரிசீவரின் இரண்டு கேபிள்களை மாற்றிச் செருகினாலும் இப்படித்தான், கண்ணாடியில் தெரிவதுபோல் எல்லாம் இடம் வலமாகிவிடும். போன வருஷம் அதைத்தான் செய்து தொலைத்தாள். அனுப்பிய கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அந்தக் கேபிள்களில் ஒன்றில் ஒரு சிவப்பு டேப். அதற்குப் பெயரே 'நெரெய்தா'. புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். உத்துவாதோ ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதது யாருக்கும் தெரியாது.

எல்லோரும் மரியாதையாக 'டோன்' என்று அழைக்கும் தலைமைப் பொறியாளர் எஃப்ராயின் காப்பியும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, வெள்ளி பின்னாடி நடக்குதா?"

"கேபிளைத் திரும்பத் திரும்பப் பாத்துட்டேன், டோன் எஃப்ராயின். சரியாத்தான் இருக்கு."

"போன தடவையும் இதையேதான் சொன்னே." குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளைச் சுட்டது. "இன்னொரு தடவை இப்படின்னா ஆன்டெனாவுக்கு அடியில களை பிடுங்கத்தான் உன்னை அனுப்புவாங்க. என்னால தடுக்க முடியாது."

"நிலாவுக்கு அலை அனுப்பிப் பாத்துடலாம். அதுல எந்தப் பள்ளம் எந்தப் பக்கம்னு எல்லாருக்கும் தெரியும். பக்கம் மாறி விழுந்தா, நானே போயிடறேன்."

அசையாத ஆன்டெனாவுக்கு நேரே, பகல் நிலா உச்சிக்கு வரும்வரை காத்திருந்தார்கள். கொய்யா வைத்த ரொட்டியை அவர் அவள் பக்கம் தள்ளினார். அவள் அதைத் தாளுக்கு அப்பால் நகர்த்தி வைத்தாள்.

அனுப்பிய அலை ஒரு மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்தது. பள்ளம் இருக்கவேண்டிய பக்கத்திலேயே இருந்தது. மறுபடி அனுப்பினார்கள். அதே பக்கம்.

எஃப்ராயின் நிலாவின் தாளை வெள்ளியின் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்; கேபிளில் தப்பில்லை. பிறகு குனிந்து, கேபிளில் இருந்த டேப்பை நகத்தால் உரிக்கப் போனார்.

"விடுங்க," என்றாள். "வெள்ளி பின்னாடி சுத்துதுன்னு சொன்னா, நம்பாம வர்றவங்க எல்லாம் இந்தக் கேபிளைப் பத்தித்தான் முதல்ல கேப்பாங்க. சட்டுனு கண்ணுல படட்டும்."

மறுநாள் வெள்ளி உச்சிக்கு வந்தபோது இருவரும் தாளை ஒட்டி நின்றார்கள். பேனா முள் ஊர்ந்துகொண்டே வந்து, நேற்றைய இடத்துக்கு முன்னாலேயே, அதே எதிர்ப்பக்கத்தில், மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.