வெறுங்காலோடு இறங்கியவர்

மூவர் கூடைப்பந்து உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தன்று, முந்தின நாள் செத்துப்போன மாங் எஸ்தோங் பிலிப்பைன்ஸ் அணியின் மாற்று ஆட்டக்காரருக்கான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தவறு அந்த அணியில் ஆடும் மகன் ஓடெப்பினுடையது. துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர், வழியில் ஒரு ரொட்டிக்கடையிலாவது நின்று, ஒட்டிக்கொண்டு வரும் ஆவியை அங்கே உதறிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். எங்கள் மலபோன் ஊரில் இது குழந்தைக்கும் தெரியும். ஓடெப்புக்கு நேரமாகிவிட்டது. ஜீப்னி வண்டியில் ஏறியவன் நேரே அரங்கத்தில் போய் இறங்கினான்.

இந்த ஆட்டத்தில் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கக்கூடாது. அதிகாரி ஒருவர் வந்து ஆட்சேபித்தார்.

"பயிற்சியாளர் இல்லீங்க, எங்கப்பா. நேத்து இறந்துட்டார்."

அதிகாரி அனுதாபம் தெரிவித்துவிட்டுப் போய்விட்டார். விதியில் செத்தவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஓடெப்புக்கு ஆறு வயதானதிலிருந்து, அவன் பந்தாடும்போதெல்லாம் மாங் எஸ்தோங் தெருவோரத்தில் நின்று கத்திக்கொண்டுதான் இருந்தார். காய்ச்சலிலும் வெள்ளத்திலும் கத்தினார். செத்தும் விடவில்லை. "எழுந்திருடா! உக்காந்தா காலு மரத்துப்போகும்!" முப்பத்தைந்து வயதில், வீங்கிய முட்டியோடு, ஓடெப் உலகத்தில் ஒன்றே ஒன்றைத்தான் விரும்பினான்: கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், அதை அப்பா வாயால் சொல்ல வேண்டும். பாவம், வலியைவிட அலுப்புதான் அவனைத் தின்றது. நான்காவது ஆளான கீகோவும் முதல் ஆட்டத்திலேயே கணுக்காலை முறுக்கிக்கொண்டான். அதன்பின் ஓடெப்புக்கு மாற்றே இல்லை.

தோற்றால் வெளியே என்ற ஆட்டத்தில், ஏதோ குளிர்தேசத்து நெட்டையர்கள் பதினெட்டுக்குப் பதினைந்து என்று முன்னால் இருந்தபோது, முட்டி கைவிட்டது. ஓடெப் தவழ்ந்து கோட்டுக்கு வெளியே வந்தான்.

"அப்பா, என்னால முடியலப்பா."

கத்துவதற்காக மாங் எஸ்தோங் வாயைத் திறந்தார். மகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி அவன் கையைத் தொட்டார். வெளியே வந்தவனின் கையைத் தொட்டால் மாற்று ஆள் உள்ளே போகலாம் என்பது விதி. காலணி எங்கே என்று மட்டும் நடுவர் கேட்டார். எங்கள் பக்கத்தில் பிணத்துக்குக் காலணி போடுவதில்லை என்று கீகோ விளக்கினான். நடுவர் விசிலை ஊதினார்.

தொந்தியும் அடக்கத்துக்குப் போட்ட பட்டுச்சட்டையுமாக மாங் எஸ்தோங் ஓடினார். காலடி ஓசையே இல்லை. தூரத்திலிருந்து ஒரு முறை எறிந்து இரண்டு புள்ளி எடுத்தார். மற்றதெல்லாம் நெட்டையர்கள் எடுத்துக்கொண்டார்கள். இருபத்தொன்றுக்குப் பதினேழு; இருபத்தொன்று எட்டியதும் ஆட்டம் முடிந்தது. அவர் திரும்பி வந்து, முட்டியில் கையூன்றிக் குனிந்து நின்றார்.

"மூச்சு வாங்குதுடா. இத்தன வருஷமா இதையா பண்ணிக்கிட்டிருந்த?"

"ஆமாப்பா."

"சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னேனேப்பா."

மாங் எஸ்தோங் நிமிர்ந்தார். பிறகு நாற்காலியை மகன் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உக்காருடா."

வீட்டில் அவர் மனைவி அலிங் பூரிங் காலிச் சவப்பெட்டிக்கு முன்னால் விழித்திருந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் எங்கள் ஊர் வழக்கப்படி சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். "எங்க சுத்திட்டு வர்றீங்க? ஒரே வேர்வை நாத்தம்! இந்தச் சட்டையோடவா படுக்கப்போறீங்க?" என்று அதட்டி, சட்டையைத் துவைத்து உலர்த்திப் போட்டுவிட்ட பிறகுதான் அவரைப் பெட்டிக்குள் படுக்க விட்டார்.

அடக்கத்தன்று பாதிரியார் ஜெபம் தொடங்கியதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஓடெப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான். யாரும் அவனை எழுப்பவில்லை.